பனியன் கட்டைச் சுமந்த இன்ஜின்

திருப்பூர் பனியன் ஒரே கூரைக்குக் கீழே உருவாவதில்லை. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பாக்டிங் வேறோர் இடம். கட்டிங் முடிந்த பீஸ் தையலுக்கு அடுத்த தெரு பவர் டேபிளுக்குப் போகும். காஜா, பட்டன் அதற்கும் அப்பால் ஒரு சந்தில். இத்தனை இடங்களுக்கு நடுவே சரக்கு ஓயாமல் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். துணி ரோலுக்கு டெம்போ உண்டு. ஆனால் சில டஜன் பீஸ் கட்டையும், அவசரத்துக்கு நாலு நூல் கோனையும், விட்டுப்போன லேபிள் பாக்கெட்டையும் இத்தனை வருடங்களாகச் சுமந்தது டிவிஎஸ் 50ம் அதன் வழிவந்த எக்ஸ்எல் வண்டிகளும்தான். அருள்புரத்தில் பல்லடம் சாலையோரம் ஐந்து நிமிடம் நின்றால் போதும். கால் வைக்கும் இடத்தில் ஒரு கட்டு, பின் சீட்டைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு கட்டு, நடுவில் ஓட்டுகிறவர். ஏற்றுமதிக் கணக்குகளில் இந்த மனிதரும் இல்லை, இந்த வண்டியும் இல்லை. எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது.

1980இல் ஓசூரிலிருந்து வந்தது டிவிஎஸ் 50. இரண்டு பேர் போகக்கூடிய முதல் இந்திய மொபெட் அது. கியர் இல்லை, விலை குறைவு, உள்ளே ஒரு சின்ன டூ ஸ்ட்ரோக் இன்ஜின். அந்த இன்ஜினைப் புரிந்துகொள்ளப் பாடப்புத்தகம் வேண்டாம். ஒரு பழைய எக்ஸ்எல் சூப்பரின் சைலன்சரைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டை வழியே டார்ச் அடித்துப் பார்த்தால் சிலிண்டர் சுவரில் ஒரு ஜன்னல் தெரியும். இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். பிஸ்டன் மேலே ஏறும்போது ஜன்னல் மூடும், கீழே இறங்கும்போது திறக்கும். திறக்கவும் மூடவும் தனி வால்வு கிடையாது, கேம் கிடையாது, செயின் கிடையாது. பிஸ்டனே கதவு. பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க் என்று ஓடுகிற பாகம் மூன்றுதான்.

பிஸ்டன் மேலே ஏறும்போது அதன் தலைக்கு மேலே பெட்ரோல் கலந்த காற்று அழுந்துகிறது. அதே நேரத்தில் அதன் காலுக்குக் கீழே, கிராங்க் அறைக்குள், கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் கலந்த புதுக்காற்று உறிஞ்சப்படுகிறது. உச்சியில் பிளக் பொறி. வெடித்துக் கீழே இறங்கும்போது முதலில் புகை போகும் ஜன்னல் திறக்கிறது. சற்றுக் கழித்து இன்னொரு ஜன்னல் திறந்து, கீழே காத்திருந்த புதுக்காற்று மேலே பாய்ந்து பழைய புகையைத் தள்ளுகிறது. ஒரே சுற்றில் எல்லாம் முடிந்தது. ஜெர்மனியில் ஓட்டோ 1876இல் செய்து காட்டிய ஃபோர் ஸ்ட்ரோக்கில் உறிஞ்சுவது, அழுத்துவது, வெடிப்பது, வெளியேற்றுவது ஒவ்வொன்றுக்கும் பிஸ்டன் ஒரு முறை மேலோ கீழோ போக வேண்டும். ஒரு வெடிப்புக்கு இரண்டு சுற்று. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால் ஃபோர் ஸ்ட்ரோக்கில் 1,500 வெடிப்பு, டூ ஸ்ட்ரோக்கில் 3,000. ஸ்காட்லாந்துக்காரர் டூகல்ட் கிளர்க் 1878வாக்கில் இந்த டூ ஸ்ட்ரோக் வழியைக் கண்டார். கிராங்க் அறையையே பம்பாக்கி, எளிய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் பாத் நகரத்து ஜோசப் டே. 1891இல் அதற்குக் காப்புரிமை கேட்டார். நம் ஊர் மொபெட் ஓடியது அவர் வழியில்தான்.

அப்படியானால் இரட்டைச் சக்தி வர வேண்டுமே? வருவதில்லை. இரண்டு ஜன்னலும் கொஞ்ச நேரம் சேர்ந்தே திறந்திருக்கின்றன. டவுன் பஸ்ஸில் இறங்குகிறவர்கள் இறங்கி முடிப்பதற்குள் முன்வாசலில் கூட்டம் முண்டியடிக்க, ஏறியவர்களில் சிலர் அப்படியே பின்வாசல் வழியாக வெளியே தள்ளப்படுவது மாதிரி, எரியாத பெட்ரோலும் புகையோடு போய்விடும். கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக்கில் இப்படி வீணாவது நூற்றுக்கு 15 முதல் 40 பங்கு வரை என்பது ஆய்வாளர்கள் சொல்லும் கணக்கு. காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல், எரியாமலே சைலன்சர் வழியாகத் தெருவுக்குப் போகிறது.

அடுத்தது ஆயில். கிராங்க் அறை வழியாகத்தான் பெட்ரோல் போகிறது என்பதால் ஃபோர் ஸ்ட்ரோக் மாதிரி அடியில் ஆயிலைத் தேக்கி வைக்க முடியாது. அதனால் 2டி ஆயிலைப் பெட்ரோலிலேயே கலக்க வேண்டியிருக்கிறது. பேரிங்கையும் பிஸ்டனையும் நனைத்துவிட்டு அந்த ஆயிலும் எரிகிறது. ஒரு பகுதி எரியாமல் நுண்துளிகளாக வெளியே வருகிறது. நமக்குத் தெரிந்த அந்த நீலப் புகை அதுதான். எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் சொல்வார்: “ஆயிலு கொறஞ்சா இன்ஜின் புடிச்சுக்கும், கூடுனா பிளக்குல கரி புடிச்சுக்கும்ங்க.” அவர் பட்டறையில் கரி அடைத்த சைலன்சரை நெருப்பில் போட்டுச் சுட்டு, தட்டித் தட்டிக் கரியை உதிர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். உள்ளேயிருந்து உதிர்ந்த கருப்புக் கட்டிகளைக் கையில் எடுத்தால் பிசுபிசுவென்று ஒட்டும். இதே பண்டத்தின் மெல்லிய வடிவம்தான் வண்டிக்குப் பின்னால் நிற்கிறவரின் நெஞ்சுக்குள் போகிறது. கம்பெனிக்குள் நாளெல்லாம் பஞ்சுத் தூசை உள்ளே இழுத்துவிட்டு வருகிற தொழிலாளிக்கு வெளியிலும் சுத்தமான காற்று இல்லை என்றால் எப்படி?

ஆகவே மாற்றம் வந்தது சரிதான். 2015இல் எக்ஸ்எல் 100 ஃபோர் ஸ்ட்ரோக்காக வந்தது. பழைய எக்ஸ்எல் சூப்பர் 69.9 சிசி, புதியது 99.7 சிசி. வெடிப்பு பாதியாகக் குறைந்ததை ஈடுகட்ட சிலிண்டரைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. 2020 ஏப்ரலில் அமலான பாரத் ஸ்டேஜ் 6 விதிக்காகக் கார்புரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்தது. ஆர்எக்ஸ் 100 ரசிகர்களுக்கு என்மேல் வருத்தம் இருக்கலாம். 98 சிசி டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் 11 குதிரைத்திறன் காட்டிய வண்டி அது, அந்தச் சத்தமும் எனக்குப் பிடிக்கும். ஆனாலும் தெருவில் நடக்கிறவரின் மூச்சைவிட அது பெரிதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழி டூ ஸ்ட்ரோக் என்ற முறையின் மேல் இல்லை. காற்றோடு பெட்ரோலையும் சேர்த்து அனுப்பியதில்தான். அருள்புரத்தில் தைத்த பனியன் தூத்துக்குடியில் கண்டெய்னர் ஏறி ஐரோப்பா போகிறதே, கடல் தாண்டும் பெரிய சரக்குக் கப்பல்களை ஓட்டுவதும் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக் டீசல்தான். 2006இல் ஓடத் தொடங்கிய எம்மா மேர்ஸ்க் கப்பலின் 14 சிலிண்டர் இன்ஜின் ஒரு லட்சம் குதிரைத்திறனைத் தாண்டும். நிமிடத்துக்குச் சுமார் நூறு சுற்றுத்தான். அங்கே புகையைத் தள்ளுவது வெறும் காற்று. புகைக்கான வழி மூடிய பிறகே எண்ணெய் பீய்ச்சப்படுகிறது. எரியாத எண்ணெய் தப்பிப் போக வழியில்லை. ஊற்றிய எண்ணெயின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி வேலையாக மாறுகிறது. நாம் ஓட்டிய மொபெட்டுக்கு அந்த ஏற்பாடெல்லாம் வைத்தால் விலை கட்டாது.

பழைய எக்ஸ்எல்கள் இன்னும் ஓடுகின்றன. வைத்திருப்பவர்கள் வசதியில்லாமல்தான் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயிலை அளந்து ஊற்றுங்கள். லோடு அதிகம் என்று கூடுதலாகக் கவிழ்க்காதீர்கள். பைக்கிலிருந்து இறக்கிய கழிவு ஆயிலை எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள். பவர் டேபிள் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. உங்கள் சரக்கைச் சுமக்கிறவர் வண்டி மாற்ற அட்வான்ஸ் கேட்டால் வட்டியில்லாமல் கொடுங்கள். சனிக்கிழமை சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ளலாம்.