ஆவியின் வரமா? அறிவின் பயனா?

“உன் வரத்தைக் கண்டுபிடி, கண்டுபிடித்து ஊழியத்திற்குப் பயன்படுத்து” என்று கிறிஸ்தவ சபைகளில் ஒரு போதனை மும்முரமாய் நடந்து வருகிறது. சில இடங்களில் கேள்வித்தாளைக் கொடுத்து, பரீட்சை எழுதுவதுபோல் எழுதச் செய்து, இன்னாருக்கு இன்ன வரம் என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள். கிறிஸ்தவத் தோழர்கள் நம்மீது கோபிக்க வேண்டியதில்லை. சாமியாடியையும் குறி சொல்பவனையும் என்ன கேட்டு வந்தோமோ, அதையேதான் இவர்களையும் கேட்கிறோம்.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 12-ம் அதிகாரத்தில் ஞானம், அறிவு, விசுவாசம், நோய் தீர்த்தல், அற்புதம், தீர்க்கதரிசனம், ஆவிகளைப் பகுத்தறிதல், பல பாஷை பேசுதல், அதற்கு அர்த்தம் சொல்லுதல் என்று 9 வரங்கள் சொல்லப்படுகின்றன. கொடுப்பவர் சர்வ வல்லவராம். ஆனால், வாங்கிக்கொண்டவனுக்கோ, தான் வாங்கியது இன்னதென்று தெரியவில்லையாம்! ஒருவன் வீட்டில் ஒரு மூட்டை நெல்லை இறக்கினால், அது நெல்லா புல்லா என்று கண்டுபிடிக்க அவனுக்கு உபதேசியார் வேண்டுமா?

இது நம் பக்கத்திற்குப் புதிதல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் கிறிஸ்டியான்பேட்டையை 1840-ல் உண்டாக்கிய அருளப்பன் என்பவரின் சபையில், 1860-ம் வருஷம் ஆவி இறங்கிற்றென்று பெரிய எழுப்புதல் நடந்தது. ஆணும் பெண்ணும் அழுதார்கள், விழுந்தார்கள், புரியாத பாஷை பேசினார்கள், தீர்க்கதரிசனம் சொன்னார்கள். அருளப்பன் மிஷன் சம்பளத்தை நம்பி வாழாமல் ஊழியம் செய்தவர். அவரது யோக்கியதையைப்பற்றி நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் யோக்கியர் நம்பியதாலேயே ஒரு காரியம் உண்மையாகிவிடுமா? இருக்கன்குடி மாரியம்மன் சந்நிதியில் ஒரு பெண் ஆடினால் அதைப் பேய் என்கிறவர்கள், சபைக்குள் ஒரு பெண் ஆடினால் வரம் என்பது எந்த நியாயம்? மேலும், ஆவி வந்தால்தான் ஒரு பெண் நாலு பேர் நடுவில் வாய் திறக்கலாம் என்றால், குற்றம் யாருடையது? ஆவி வராமலே அவள் பேசும்படியான உரிமை அல்லவா வேண்டும்!

அந்த எழுப்புதல் அலை மலையாளத்திற்கும் போயிற்று. அங்கே யூஸ்துஸ் யோசேப்பு என்பவரின் கூட்டத்தார் 1881-ல் கிறிஸ்து திரும்ப வருவார் என்று தீர்க்கதரிசனம் சொன்னார்கள். 1881 வந்தது, போயிற்று. கிறிஸ்து வரவில்லை. பிறகாவது தீர்க்கதரிசன வரத்தைக் கைவிட்டார்களா என்றால், அதுவுமில்லை!

இன்னொரு சூதையும் பாருங்கள். இந்த வரங்கள் எப்படிப் பங்காகின்றன? சபையைப் பெருக்குகிறவளுக்கு உதவி செய்யும் வரம்; பணக்காரனுக்குக் கொடுக்கும் வரம்; நாற்காலியில் இருப்பவருக்கு நடத்தும் வரம்! பவுல் சபையைச் சரீரம் என்று சொல்லி, கண், கை, கால் என்று பிரிக்கிறார். புருஷ சூக்தமும் முகம், தோள், தொடை, பாதம் என்றுதான் பிரித்தது. “பவுல் கால் தாழ்ந்ததென்று சொல்லவில்லையே” என்பார்கள். சரி, ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் பெருக்குகிறவளுக்கு நடத்தும் வரம் கிடைத்த சபை எத்தனை என்று அவர்களே விரல் விட்டு எண்ணட்டும்.

தோழர்களே! 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய், தீப்பெட்டித் தொழிலைக் கையால் செய்து கற்றுத் திரும்பினார்கள். மறுவருஷம் இங்கே தீப்பெட்டித் தொழில் ஆரம்பமாயிற்று. அது ஆவி இறங்கி வந்த வரமா? ரயிலேறிப் போய்க் கற்று வந்த வித்தை அல்லவா? பவுலும் கூடாரம் செய்து பிழைத்தவர்தானே! அந்தத் தொழிலை அவர் ஜெபித்துப் பெற்றாரா, பழகிப் பெற்றாரா?

2012 செப்டம்பர் 5-ந் தேதி சிவகாசி பக்கத்து முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 30 பேருக்கு மேல் மாண்டார்கள். நோய் தீர்க்கும் வரம் பெற்றோம் என்பவர்கள் மேடையில் தலைவலியைத் தீர்க்கிறார்கள். வெந்த உடம்பை ஆஸ்பத்திரி டாக்டரும் நர்சும் அல்லவா பார்க்க வேண்டியிருக்கிறது! அவர்கள் வருஷக்கணக்காய்ப் படித்துக் கற்றதுதான் அந்தக் கைத்திறன். மருந்துக் கலவை உராய்ந்தால் பற்றும், ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் இருக்கக்கூடாது, இத்தனை மருந்துக்கு மேல் வைக்கக்கூடாது என்ற அறிவும், அதை முதலாளி மீறினால் “வேலை செய்யமாட்டோம்” என்று சொல்லும் துணிவுமே தொழிலாளியின் உயிரைக் காக்கும். இந்த இரண்டும் பவுலின் ஜாபிதாவில் இல்லை.

ஆகையால், உங்களுக்குள் என்ன வரம் இருக்கிறதென்று எந்தப் பாதிரியையும் பூசாரியையும் கேட்கப் போகாதீர்கள். உங்கள் கையில் திறமை இருக்குமானால் அது நீங்கள் பழகியது. உங்கள் பிள்ளைக்கு அது வேண்டுமானால் பள்ளிக்கூடத்திற்கு அனுப்புங்கள். கற்றதை ஆண்டவன் கொடுத்தான் என்று நன்றி சொல்லச் சொல்லுகிறவன், கல்லாதவனைப் பார்த்து, “உனக்கு அவன் கொடுக்கவில்லை” என்று சொல்லவும் தயங்கமாட்டான். அதுதான் இதிலுள்ள ஆபத்து. அதை உணருங்கள்!