காணாத கடையில் கண்ணாடி வாங்கலாமா?

உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் இடையில் கடலோரமாக அமைந்திருக்கும் சாம்பல்தீவு மக்களுக்கு வெயிலைப் பற்றி எவரும் பாடம் நடத்தத் தேவையில்லை. கடற்றொழிலாளருக்கும் முச்சக்கர வண்டி ஓட்டுபவருக்கும் பார்வைக் குறைபாடும் சேர்ந்துவிட்டால், பவருள்ள கறுப்புக் கண்ணாடி அலங்காரப் பொருளல்ல, தொழிற் கருவி. 2022இல் டொலரின் பெறுமதி சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டிய பின்னர் எல்லா இறக்குமதிப் பொருட்களும் விலையேறின. எனவே, மலிவைத் தேடி எம்மவர்கள் இணையத்தின் பக்கம் திரும்புவதில் வியப்பில்லை.

இணையத்தில் வாங்குவது தவறா? இல்லை. ஆனால், தெளிவற்ற வியாபாரத்தை (கரர்) எமது மார்க்கம் தடுத்துள்ளது. காணாத பொருளை வாங்குவது குறித்து ஷாபிஈ, ஹனபி மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், பொருளின் தன்மை சரியாக விபரிக்கப்பட வேண்டும் என்பதே இதன் அடிப்படை. கண்ணாடியைப் பொறுத்தவரை அந்த விபரம் வைத்தியரின் சீட்டிலுள்ள இலக்கங்கள்தான்.

பல சீட்டுகளில் முக்கியமான ஓர் இலக்கம் இருப்பதில்லை. அது இரு கண்மணிகளுக்கும் இடையிலான தூரம். மைனஸ் 4 பவர் வில்லையின் மையம் வெறும் 5 மில்லிமீற்றர் விலகினாலே 2 பிரிசம் அளவு பார்வை இழுபடும். தலைவலியும் கண் களைப்பும் அதன் விளைவு. பழியோ பவரின் மீது விழும்.

அடுத்தது நிறம். கறுப்பாக இருப்பதால் மட்டும் கண்ணாடி பாதுகாப்புத் தராது. புற ஊதாக் கதிரைத் தடுக்காத கறுப்பு வில்லைக்குப் பின்னால் கண்மணி விரிந்து, அதிகக் கதிரை உள்வாங்கும். 'யூவி 400' என்ற குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். நான்காம் தர வில்லை 3 முதல் 8 வீத வெளிச்சத்தையே உள்ளே விடும். அதை அணிந்து வாகனம் ஓட்டக் கூடாது.

தேடலில் முதலாவதாக வரும் கடை நாணயமான கடை என்று எண்ணிவிடவும் வேண்டாம். அமெரிக்காவில் 'டெகோர்மைஐஸ்' என்ற தளத்தில் கண்ணாடி விற்ற விட்டாலி போர்க்கர், முறைப்பாடுகள் பெருகப் பெருகத் தனது தளம் தேடலில் மேலே வருவதாக 2010இல் பத்திரிகைக்கே பெருமையாகக் கூறினார். வாடிக்கையாளர்களை மிரட்டியதற்காக 2012இல் அவருக்கு நான்கு வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது. எமது நாட்டில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருந்தாலும், கடல் கடந்த வியாபாரியிடம் பணத்தை மீட்பது இலகுவல்ல. உங்கள் கண்ணுக்கென வெட்டிய வில்லை வேறெவருக்கும் உதவாது என்பதால், திருப்பி எடுக்கும் நிபந்தனையைப் பணம் செலுத்த முன்னரே வாசிக்க வேண்டும்.

இதில் மற்றொரு நீதியும் உண்டு. ஊர்க் கடையில் இலவசமாகக் கண்ணைப் பரிசோதித்து, பத்துச் சட்டகங்களை அணிந்து பார்த்துவிட்டு இணையத்தில் வாங்குவது அந்தக் கடைக்காரரின் உழைப்பைக் கூலியின்றிப் பெறுவதாகும். அதேபோல், பரிசோதித்த இலக்கங்களைக் கொடுக்க மறுத்து வாடிக்கையாளரைக் கட்டிப்போடுவதும் முறையல்ல. பரிசோதனை முடிந்ததும் சீட்டைக் கையில் கொடுக்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1978 முதல் இருந்து வருகிறது.

எனவே, கடைக்காரர்கள் பரிசோதனைக்கும் அளவெடுப்பதற்கும் நியாயமான கட்டணம் அறவிட்டு, முழு விபரத்தையும் எழுதிக் கொடுக்கட்டும். வாடிக்கையாளர்கள் அதை மனமுவந்து செலுத்தட்டும். அதன் பின்னர் எங்கு வாங்குவது என்பது அவரவர் விருப்பம். ஈரமான தானியத்தைக் குவியலின் அடியில் மறைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தது சந்தைக்கு மட்டுமல்ல, இணையத்துக்கும் பொருந்தும்.