காற்றுக்கு இடம் வேண்டும்

தம் எஸ்.யூ.வி. வண்டிக்குப் பெரிய சக்கரம் பூட்ட விழையும் புதுவை அன்பர்களுக்கு ஒரு சொல். பின்னிருக்கையில் அமரும் முதிய தாயின் முதுகையும் நாம் எண்ணுதல் வேண்டும். குலுக்கலை முதலில் தாங்குவது டயருக்குள் அடைபட்ட காற்றே. மகனின் மூன்று சக்கர மிதிவண்டிக்குக் காற்று டயர் அமைத்த டன்லப், 1888-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

215/60 ஆர்17 டயரின் பக்க உயரம் 129 மில்லிமீட்டர். ரிம்மை 18 அங்குலமாக்கி 215/55 டயர் பூட்டினால் அது 118 ஆகும். சக்கரத்தின் மொத்த உயரமோ ஏறக்குறைய மாறாது. மொத்த உயரம் மாறாமல் 20 அங்குலத்திற்குத் தாவினால் காற்றுக்கு இடமேது? பள்ளத்தின் அடி ரிம்மையும் முதுகையும் தாக்கும்.

ஆகவே, ஓரங்குலத்தோடு அமைவோம். எடை குறைந்த அலாய் ரிம்மைத் தேர்வோம். டயரின் சுமைக் குறியீடு குறையாமலும், காற்றழுத்தம் பிசகாமலும் காப்போம். தாய் நோவின்றி இறங்குவதே வண்டிக்கு அழகு.