காதுக்குள்ள ஏற்கெனவே இருக்கிற கொயில்

காது மெஷின் போட்டிருக்கிற ஒராளோட கதைக்கேக்க நாங்கள் செய்யிற முதல் வேலை சத்தத்தைக் கூட்டுறது. வீட்டில எண்டால் கத்துறம். கலியாண மண்டபம், சனசமூக நிலையம் எண்டால் ஸ்பீக்கரை ஏத்துறம். ஆனால் மெஷின் போட்ட காதுக்குப் பல நேரம் போதாமல் இருக்கிறது சத்தமில்லை, தெளிவு. மெஷினில இருக்கிற மைக், பேச்சையும் ஃபான் இரைச்சலையும் தெருவில போற ஓட்டோவையும் சுவரில பட்டுத் திரும்புற எதிரொலியையும் சேர்த்துத்தான் பொறுக்கி எடுக்கும். ஸ்பீக்கரை ஏத்த ஏத்த எதிரொலியும் சேர்ந்து ஏறும்.

இதுக்கு ஒரு விடை பல மெஷின்களுக்குள்ளேயே கனகாலமாக இருக்கு. ரெலிகொயில் எண்டு பேர். சின்னத் தண்டு ஒண்டைச் சுற்றி மயிர்போல மெல்லிய செப்புக்கம்பி. மெஷினை ‘ரி’ நிலைக்கு மாத்தினால் மைக் ஓய்ந்து, இந்தக் கொயில் வேலை செய்யத் தொடங்கும். அது பிடிக்கிறது ஒலியை இல்லை, காந்தப்புலத்தை. முந்தின காலத்து ரெலிபோன் றிசீவரில இருந்து கசிஞ்ச காந்தப்புலம் இதுக்குப் போதுமாக இருந்தது. அறையைச் சுற்றிக் கம்பி வளையம் போட்டு, பேச்சைக் காந்தப்புலமாக அனுப்புற முறைக்கு ஜோசப் பொலியாகொஃப் என்பவர் 1937 இல பிரித்தானியாவில காப்புரிமை எடுத்திட்டார். அமெரிக்காவில 1988 இல, ரெலிபோன்கள் காது மெஷினோட ஒத்துப்போக வேணுமெண்டு சட்டமே வந்தது. நாங்கள் ஓ/எல் விஞ்ஞானத்தில பாடமாக்கி, சோதனை முடிய மறந்த மின்காந்தத் தூண்டல்தான் இவ்வளவும்.

என்ர கோவம், மெஷின் வாங்கிற பலருக்கு இப்பிடி ஒண்டு இருக்கெண்டே தெரியாது எண்டதில. இப்ப வாற டிஜிற்றல் மெஷின்களில ‘ரி’ நிலையைப் பொருத்திற ஆள்தான் கணினியில திறந்துவிட வேணும். திறக்காட்டி உள்ளுக்குக் கொயில் இருந்தும் பயனில்லை. என்ர பெரியம்மாவின்ர மெஷின் ரெண்டு வருசம் அப்பிடித்தான் இருந்தது. போனை மெஷினுக்குக் கிட்டப் பிடிச்சால் கீ எண்டு கூவும். ஸ்பீக்கரில போட்டால் வீடு முழுக்கக் கேக்கும். கனடாவில இருக்கிற மகன் என்ன சொன்னாலும் “ஓம் மகன், ஓம் மகன்” எண்டுவா. பாதி விளங்காது. தன்ர பிள்ளையோட தனிய ஒரு வார்த்தை கதைக்க ஏலாமல் போனதுதான் அவவுக்குப் பெரிய கவலை.

போனில வாற பேச்சைக் காந்தப்புலமாக்கிக் காதுக்குக் கிட்டக் கொண்டுபோற வளையம்தான் நெக்லூப். கழுத்தில மாலை மாதிரிப் போடுறது. கடையில விக்கிறதும் உள்ளால இதே சுருள்தான். வீட்டில கட்ட 0.2 மில்லிமீற்றர் எனாமல் செப்புக்கம்பி 14 மீற்றர் போதும். தண்ணி மோட்டருக்குக் கொயில் கட்டுற கடையில கேட்டுப் பாருங்கோ. 22 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வாளி ஒண்டில 20 சுற்று சுற்றி, கழட்டி, ரேப் ஒட்டி, மேலால துணி தைச்சால் தலைக்குள்ளால போடுற அளவில வளையம் வரும்.

ஏன் 20 சுற்று? காது வளையத்துக்கு நடுவில இல்லை, மேல இருக்கு. அங்க புலம் நடுவில இருக்கிறதை விடப் பல மடங்கு குறைவு. அதே மின்னோட்டத்தை 20 தரம் சுற்றவிட்டால் புலமும் 20 மடங்காகும்.

இந்தக் கம்பியின்ர தடை 8 ஓம் அளவுதான் வரும். (பெரியம்மாவின்ர ஓம் இல்லை, இது வேற ஓம்.) அதை நேர போனில குத்தக்கூடாது. ஹெட்போன் ஓட்டைக்கு அது பாரம் கூட. 3.5 மில்லிமீற்றர் ஸ்ரீரியோ பிளக்கின்ர நுனிக்கு ஒண்டு, நடு வளையத்துக்கு ஒண்டு எண்டு ரெண்டு 47 ஓம் தடையி போட்டு, அவையின்ர மற்ற முனைகளைச் சேர்த்துக் கொயிலின்ர ஒரு நுனியில சோல்டர் பண்ணுங்கோ. கொயிலின்ர மற்ற நுனி பிளக்கின்ர அடிப்பகுதிக்குப் போகும். இடம், வலம் ரெண்டு பக்கச் சத்தமும் இப்பிடித்தான் சண்டை பிடிக்காமல் ஒண்டாகும். எனாமலைச் சுரண்டாமல் சோல்டர் ஒட்டாது. முடிய மல்ரிமீற்றரால பிளக்கின்ர நுனிக்கும் அடிக்கும் இடையில பாருங்கோ, 55 ஓம் அளவில காட்டினால் சரி. போனில ஓட்டை இல்லாட்டி சி-ரைப் கன்வேட்டர் வேணும். இந்தப் பிளக்கில மைக் இல்லாதபடியால், கதைக்கிறது போனின்ர சொந்த மைக்குக்குத்தான்.

முதலில சத்தத்தைக் குறைச்சு வைச்சுத் தொடங்குங்கோ. வீட்டு அம்பிளிஃபயரில இதைக் கொழுவ வேண்டாம். இதயத்தில பேஸ்மேக்கர் வைச்ச ஆக்கள் டொக்டரிட்டக் கேக்காமல் போடவும் வேண்டாம். படுத்திருந்தால் அல்லது வளையம் சரிஞ்சால் சத்தம் குறையும். கொயில் நிக்கிற திசைக்கும் புலம் போற திசைக்கும் பொருத்தம் வேணும், பழுதாப்போச்செண்டு பயப்பிட வேண்டாம். ஒரே இரைச்சலாக இருந்தால் பக்கத்தில யூபிஎஸ்ஸோ, இன்வேட்டரோ, பழைய ரியூப்லைற் சோக்கோ இருக்கா எண்டு பாருங்கோ. கரண்ட் கட்டான நேரம்தான் பெரியம்மாவுக்கு எல்லாத்தையும் விடத் துல்லியமாகக் கேக்குது.

“இப்ப புளூருத் இருக்கே, இதென்ன பழங்காலத்து வேலை” எண்டு கேப்பினம். புளூருத் நல்லதுதான், காசு உள்ளவைக்கு. அதோட, எந்த மெஷின் எந்த போனோட சேரும் எண்டு பார்க்க வேணும். ரெலிகொயிலுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, எந்தக் கொம்பனியின்ர கொயிலும் ஒரே காந்தப்புலத்தைத்தான் பிடிக்கும். ஷெல் வெடிச்சு காது கேக்காமல் போன ஆக்கள் எங்கட ஊர்களில இருக்கினம். அவையில எத்தினை பேரால புது மெஷின் வாங்க ஏலும்? போன் திருத்துற, சோல்டர் பிடிக்கத் தெரிஞ்ச பெடியள் பெட்டையளுக்கு இது ஒரு பின்னேர வேலை.

அதுக்காக, “வீட்டிலயே கட்டலாம்தானே” எண்டு மண்டபங்களில லூப் போடாமல் விடுறதை நான் ஏற்கேல்லை. நெக்லூப் போனுக்கு உதவும். மேடையில பேசிறவரின்ர குரலை, அங்க ஏதோ ஒண்டு அனுப்பினால்தான் அது கொண்டு வரும்.

வீட்டில யாருக்காவது மெஷின் வாங்கப் போனால் காசு குடுக்க முதல் கேளுங்கோ: இதில ரெலிகொயில் இருக்கா, இருந்தால் இப்பவே திறந்து தருவீங்களா? காதுக்குள்ள முழுசா மறையிற சின்ன மெஷின்கள் பலதில இடமில்லையெண்டு கொயிலை எடுத்திடுவினம். அப்பிடியான மெஷினுக்கு இந்த வாளியில சுற்றின வளையம் ஒண்டும் செய்யாது.