முதல் தரம் என்பது தோலுக்குப் போட்ட மார்க்

1/ போன வாரம் ஓ.பி.யில் ஓர் அம்மா. பூக்கட்டி விற்கிறவர். ஹீமோகுளோபின் 8. இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "சாப்பாட்டோட பழமும் சேத்துக்கோங்கம்மா" என்றேன்.

"நல்ல பழம் வாங்க எங்கே சார் வசதி? சாயங்காலம் வண்டியில சின்னச் சின்ன கொய்யா, தோல்ல புள்ளியோட, கூறு போட்டு விப்பாங்க. அது ரெண்டாந்தரம். உடம்புக்கு முடியாதவங்க அதைச் சாப்பிடலாமா?"

அந்தக் கேள்விக்குத்தான் இந்த இழை. கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2/ முதலில் பதில்: சாப்பிடலாம். சாப்பிடணும். 100 கிராம் கொய்யாவில் வைட்டமின் சி சுமார் 200 மி.கி. இருக்கிறது. அதே எடை ஆப்பிளில் 5 மி.கி. பக்கம்தான். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடல் உறிஞ்ச வைட்டமின் சி உதவும். கொய்யாவின் தோலில் புள்ளி இருப்பதால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடாது.

ஆனால் நாம் ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போனால் எதை வாங்கிக்கொண்டு போகிறோம்? பளபளக்கும் ஆப்பிளை!

3/ 'தரம்' என்ற சொல் நம்மை என்ன பாடு படுத்துகிறது பாருங்கள். அசலாக ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் 'அக்மார்க் மதுரைக்காரன்' என்கிறோம். பொய் சொன்னால் அதுகூட 'அக்மார்க் பொய்'. அந்த முத்திரை மேல் அவ்வளவு நம்பிக்கை. ஆனால் காய்கறி, பழத்தில் அது எதை அளக்கிறது என்று என்றைக்காவது விசாரித்திருக்கிறோமா?

4/ விவசாய விளைபொருட்களைத் தரம்பிரித்து முத்திரை இடும் சட்டம் 1937-இல் வந்தது. அதன் கீழ் பழம், காய்கறிகளுக்கென்று 2004-இல் தனி விதிகள் வந்தன. அதில் மூன்று வகுப்புகள்: எக்ஸ்ட்ரா, முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு.

இந்த மூன்றுக்கும் என்ன வித்தியாசம்? வடிவம், நிறம், தோலில் கீறல், வெயில் பட்ட தழும்பு. இவைதான். மாம்பழம் என்றால் எடையை வைத்து ஏ, பி, சி என்று இன்னொரு குறியீடும் உண்டு. வகுப்பைப் பிரிக்கும் பட்டியலில் வைட்டமின் இல்லை, நார்ச்சத்து இல்லை.

5/ இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. அழுகல் கூடாது, சுத்தமாக இருக்கணும், பூச்சி கூடாது, போதிய முதிர்ச்சி வேணும் என்கிற அடிப்படை நிபந்தனைகள் மூன்று வகுப்புக்கும் பொது. இரண்டாம் வகுப்பு என்றால் பாதி கெட்டது என்று அர்த்தமே இல்லை. அடிப்படையில் பாஸ் ஆகி, அழகுப் போட்டியில் பரிசு வாங்காத காய். அவ்வளவுதான்.

6/ "பூச்சிமருந்து குறைவா இருக்கும்னுதான் டாக்டர் முதல் தரம் வாங்குறோம்" என்பவர்களுக்கு: மருந்து எச்சத்துக்கான உச்சவரம்பும் எல்லா வகுப்புக்கும் ஒன்றுதான். எச்சம் குறைந்தால் காய்க்கு புரமோஷன் கிடையாது. அந்த எச்சம் கண்ணுக்கும் தெரியாது, ஆய்வுக்கூடத்தில்தான் தெரியும். ஒரு பூச்சிக்கடி கூட இல்லாத கத்திரிக்காயைக் கையில் எடுத்தால், அது எப்படி அப்படி வளர்ந்தது என்றும் ஒருமுறை யோசியுங்கள்.

7/ தரம்பிரிப்பதே வீண் என்று சொல்ல வரவில்லை. நாசிக்கில் இருக்கிற வியாபாரி சரக்கைப் பார்க்காமலே சென்னைக்கு விலை பேச ஒரு பொது மொழி வேணும். பெட்டிக்குள் ஒரே அளவில் இருந்தால் அடுக்கலாம், நசுங்காது. அதெல்லாம் நியாயம். ஆனால் அது வியாபாரத்தின் மொழி. அதை ஆரோக்கியத்தின் மொழியாக நம் தலையில் கட்டுவதில்தான் என் சண்டை.

8/ இன்னொரு வேடிக்கை. உள்நாட்டுச் சந்தையில் பழத்துக்கும் காய்க்கும் அக்மார்க் கட்டாயமே இல்லை. நீங்கள் கடையில் பார்க்கும் 'முதல் தரம்', 'ஏ ஒன்' அட்டைகளில் பெரும்பாலானவை எந்த விதியையும் பார்த்து எழுதப்பட்டவை அல்ல. காலையில் கடைப்பையன் கண்ணால் பொறுக்கி வைத்த தரம். அதற்குத்தான் கிலோவுக்குக் கூடுதலாகக் கொடுக்கிறோம்.

9/ இந்த அழகு மோகம் பர்ஸை மட்டும் கடித்தால் பரவாயில்லை, உடம்பையும் கடிக்கிறது. காய் பச்சைப்பசேலென்று இருந்தால்தான் கை நீளும் என்று தெரிந்ததால் மாலகைட் கிரீன் என்ற சாயத்தில் முக்குகிறவர்கள் இருக்கிறார்கள். பஞ்சில் கொஞ்சம் எண்ணெய் தொட்டு வெண்டைக்காயைத் தேய்த்துப் பாருங்கள், பஞ்சு பச்சையானால் சாயம். இது உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லித்தரும் சோதனை.

மாம்பழமும் அப்படித்தான். எல்லாம் ஒரே மஞ்சளாக வேணும் என்கிறோம். கால்சியம் கார்பைடு கல் வைக்கிறார்கள். அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்திருக்கலாம் என்பதால் அது தடை செய்யப்பட்டது. எத்திலீன் வாயுவில் 100 பிபிஎம் வரை முறையாகப் பழுக்கவைக்க அனுமதி இருக்கிறது. இருந்தும் கல் ஒழியவில்லை. தப்பு செய்கிறவன் குற்றவாளி, சந்தேகமில்லை. ஆனால் அவன் ஆசை காட்டுவது நம் கண்ணுக்குத்தான்.

10/ ஐரோப்பாவும் இந்தக் கூத்தை ஆடிப் பார்த்திருக்கிறது. வெள்ளரிக்காய் உயர் வகுப்பில் சேர, 10 செ.மீ. நீளத்துக்கு 10 மி.மீ.க்கு மேல் வளையக் கூடாது என்று 1988-இல் விதி போட்டார்கள். ஊரே சிரித்தது. 2009 ஜூலையில் வெள்ளரி உட்பட 26 காய், பழங்களுக்கான அந்தத் தனித் தரவிதிகளை எடுத்துவிட்டார்கள். ஆப்பிள், தக்காளி என 10 பொருட்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள். வளைந்த வெள்ளரியைத் தின்று அங்கே யாருக்கும் வயிறு வளையவில்லை.

11/ விவசாயி பக்கம் வாருங்கள். வளைந்த முருங்கைக்கும் நேரான முருங்கைக்கும் அவர் விட்டது ஒரே தண்ணீர், போட்டது ஒரே உரம். மண்டியில் 'கழிவு' என்ற ஒரே வார்த்தையில் பாதி விலை போய்விடும். சில நாள் வண்டி வாடகைக்குக்கூடக் கட்டாமல் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிறார்கள். அதே ஊரில் பழம் வாங்க வசதியில்லை என்று ஓர் அம்மா என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம் சாப்பிடச் சொல்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். சொல்லிவிட்டு, மலிவாகக் கிடைப்பதற்கு 'மட்டம்' என்று பெயரும் வைத்தால் எப்படி?

12/ அரசிடம் கேட்பது மூன்று.

ஒன்று, 'இரண்டாம்' என்ற பெயரை மாற்றுங்கள். 'சமையலுக்கு ஏற்றது' என்று போட்டாலே போதும்.
இரண்டு, பெரிய சந்தைகளில் மருந்து எச்சச் சோதனை முடிவை, விலைப்பட்டியல் எழுதுகிற அதே பலகையில் எழுதுங்கள். எங்களுக்குத் தெரிய வேண்டிய தரம் அதுதான்.
மூன்று, விடுதி, ஆஸ்பத்திரி சமையலறைகளுக்கு இந்தக் காய்களை நியாய விலைக்கு வெளிப்படையாக வாங்குங்கள். சாம்பாரில் போன பிறகு கேரட் நேரா, கோணலா என்று எந்த நோயாளியும் கேட்டதில்லை.

13/ எதை ஒதுக்கணும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு "டாக்டர் அழுகினதைத் தின்னச் சொன்னார்" என்று வரக் கூடாது. பூஞ்சை, அழுகல், கெட்ட வாடை, கசியும் வெடிப்பு இருந்தால் குப்பைக்குத்தான். அழுகிய ஆப்பிளில் பாட்டுலின் என்ற பூஞ்சை நச்சு உருவாகலாம், வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடாதீர்கள். காய்ந்த தழும்பு, கோணல், சின்ன உருவம், திட்டுத்திட்டான நிறம் இருந்தால் தயங்காமல் வாங்கி, ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.

14/ அழகு சோறு போடுமா என்று கல்யாணப் பேச்சில் கேட்கிறவர்கள் நாம். காய்கறிக் கடையில் மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

அந்த அம்மாவிடம் சொன்னேன்: "கூறு கொய்யாவே வாங்குங்க. நல்லாக் கழுவிட்டு மதியச் சாப்பாட்டோட ஒண்ணு சாப்பிடுங்க. நான் சாப்பிடறதும் அதேதான்." சிரித்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பார்க்கணும்.