எட்டாவது வாரமும் சிகாகோ டிக்கெட்டும்

"சித்தி, ஸ்பீக்கர்ல போடலையே?" என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் அக்கா மகள் விஷயத்துக்கு வந்தாள். இரவு பதினொன்றரை மணி. நாள் தள்ளிப் போய், வீட்டிலேயே சோதித்து இரண்டு கோடு பார்த்து, இப்போது ஏழாவது வாரமாம். அவள் வீட்டுக்காரருக்குத் தெரியும், அடுத்தது நான். சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் மீதியும் வந்தது. மூன்று வார வேலைக்கு சிகாகோ போகச் சொல்கிறது ஆபீஸ். சென்னையிலிருந்து பிராங்பர்ட்டுக்குப் பத்து மணி நேரம், அங்கிருந்து இன்னொரு ஒன்பதரை. பதினொரு நாளில் கிளம்ப வேண்டும்.

"போலாமா?"

"அம்மாவைக் கேட்டியா?"

"கேட்டா ஆட்டோவுலகூட ஏறாதேம்பாங்க."

அது உண்மைதான். என் அக்காவின் சட்டத்தில் முதல் மூன்று மாதம் பப்பாளி, அன்னாசி, எள் கிடையாது. மாடிப்படியே யோசித்துத்தான். இந்தப் பெண்ணோ தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்கு தினமும் கேபில் போய் வருகிறவள். அந்த வழியின் பள்ளங்களையும் ஸ்பீடு பிரேக்கர்களையும் அறிந்தவர்கள் விமானம் குலுக்கும் என்று சொல்ல வாய் கூசுவார்கள். கர்ப்பிணியின் புருஷன் கடலில் குளிக்கக் கூடாது, மலை ஏறக் கூடாது, முடி வெட்டிக்கொள்ளக் கூடாது என்றும் நம் ஊரில் சாஸ்திரம் உண்டு. அவை சத்தமில்லாமல் காலாவதியாகிவிட்டன. பெண்டாட்டிக்குச் சொன்னவை மட்டும் கெட்டியாக நிற்கின்றன.

"போகாதே" என்பது எனக்கு ஒரு வார்த்தை. அவளுக்கு அப்படியில்லை. போகவில்லை என்றால் மேனேஜரிடம் காரணம் சொல்ல வேண்டும். மூன்று மாதம் முடியும்வரை மாமியாருக்கே சொல்லாமல் பொத்தி வைத்திருக்கும் சேதியை, பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியாத ஒருவருக்கு முதலில் சொல்ல வேண்டும். 26 வார விடுப்பு சட்டப்படி உண்டுதான். ஆனால் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து நல்ல வேலைகள் ஒவ்வொன்றாகப் பக்கத்து மேஜைக்கு நகர்வது சட்டத்தின் கண்ணில் படுவதில்லை.

காலையில் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். தூக்கம் வரவில்லை. ஒரு ரயில் வந்து நின்றது.

1998. என் வீட்டுக்காரருக்கு டெல்லியில் வேலை. எனக்குப் பத்து வாரம். சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், இரண்டு ராத்திரி. போய்ச் சேர்ந்த எட்டாம் நாள் ரத்தம் பட்டது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள், சுத்தம் பண்ணினார்கள், அனுப்பினார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. காரணம் திருச்சியிலிருந்த மாமனார் வீட்டிலிருந்து போனில் வந்தது. "அந்த ரயில் குலுக்கல்தான். போகாதேன்னு யாராவது சொன்னா கேட்கணும்." யாரும் சொல்லவில்லை. டிக்கெட் எடுத்துக் கொடுத்ததே மாமனார்தான். ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் நானும் அதையேதான் நம்பினேன். மகன் பிறந்த பிறகும் நம்பினேன். ரயில் சத்தம் கேட்டால் வயிற்றில் ஏதோ பிசைவது வருஷக்கணக்கில் இருந்தது.

பதினான்கு வருஷம் கழித்து ஒரு பேட்டிக்காக ஒரு மகப்பேறு மருத்துவரோடு பேசிக்கொண்டிருந்தபோது, பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். பழைய ரிப்போர்ட் இருக்கிறதா என்றார். எதையும் தூக்கிப் போடாத வீடு எங்களுடையது. அடுத்த தடவை எடுத்துக்கொண்டு போனேன். பதினொன்றாவது வாரத்தில் எடுத்த ஸ்கேன். கருவின் அளவு ஆறரை வாரத்துக்குரியது, துடிப்பு இல்லை என்று எழுதியிருந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "நீங்க ரயில் ஏறறதுக்கு மூணு வாரம் முன்னாடியே அது நின்னு போச்சும்மா."

அன்று வீட்டுக்கு நடந்தே வந்தேன். மூன்று கிலோமீட்டர்.

உண்டானது தெரிந்த பிறகு, நூற்றுக்குப் பத்திலிருந்து இருபது வரை கலைந்துபோகின்றன. பெரும்பாலும் முதல் 12 வாரத்துக்குள். அவற்றில் பாதிபோலக் குரோமோசோம் கணக்கிலேயே பிசகு. கரு உண்டான நேரத்திலேயே தீர்மானமான விஷயம். மாடி ஏறியதும் பப்பாளி தின்றதும் விமானத்தில் உட்கார்ந்ததும் அதை மாற்றுவதில்லை. மூன்று மாதம் வெளியே சொல்லாதே என்று பெரியவர்கள் வைத்த வழக்கத்துக்குப் பின்னால் இந்தக் கணக்கு அனுபவமாக இருந்திருக்க வேண்டும். கலைந்தால் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டாம். ஆனால் சொல்லாத துக்கத்தை அவள் ஒருத்தியே சுமக்க வேண்டும் என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் அவளை அவளுடைய டாக்டரிடம் அனுப்பினேன். அந்த அம்மாள் சொன்னது இது: "ஃப்ளைட்டால கலையாது. ஆனா கலைஞ்சா, நீ ஃப்ளைட்டைத்தான் சொல்லுவ. அதையும் சேர்த்து யோசிச்சுக்கோ." ஃபீஸ் வாங்குகிறவர்கள் இவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதில்லை.

விமானத்துக்குள் காற்று மெலிதாக இருக்குமே என்று இவள் கேட்டிருக்கிறாள். கேபினுக்குள் காற்றழுத்தத்தை 6,000 அடியிலிருந்து 8,000 அடி உயரத்தில் இருப்பதுபோல வைத்திருப்பார்கள். ஊட்டி 2,240 மீட்டர், அதாவது ஏறக்குறைய 7,350 அடி. புதிய ரக விமானங்களில் 6,000 அடிதான், அது குன்னூர். பழையவற்றில் ஊட்டிக்குக் கொஞ்சம் மேலே, தொட்டபெட்டாவுக்குக் கீழே. ஊட்டியில் பெண்கள் உண்டாகிப் பிள்ளை பெற்றுக்கொண்டுதானே இருக்கிறார்கள்! கடுமையான ரத்தசோகை இருந்தால்தான் கவலை. அதை அலட்சியப்படுத்தவும் முடியாது, நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் பாதிக்குமேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்று 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இவளுக்கு ஹீமோகுளோபின் பதினொன்றரை இருந்தது. பரவாயில்லை.

உயரத்தைவிட உட்கார்ந்திருப்பதுதான் பிரச்சினை. கர்ப்பத்தில் ரத்தம் உறையும் தன்மை கூடுகிறது; காலைத் தொங்கப் போட்டுப் பத்து மணி நேரம் அசையாமல் இருந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி பிடிக்கலாம், அது நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அதனால் நடைபாதை ஓர ஸீட், இறுக்கமான கம்ப்ரெஷன் சாக்ஸ், மணிக்கொரு தரம் எழுந்து நடப்பது, தண்ணீர். அம்மாவுக்கோ அக்காவுக்கோ அப்படிக் கட்டி பிடித்ததுண்டா என்று டாக்டர் துருவித் துருவிக் கேட்டாராம். இருந்திருந்தால் ஊசி போட வேண்டும், அல்லது பயணமே வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு ஸ்கேன். கரு கருப்பைக்குள்தான் இருக்கிறதா என்று பார்க்காமல் விமான நிலையத்துப் பக்கமே போகாதே என்றுவிட்டார். நூற்றில் ஒன்றிரண்டு குழாயிலேயே தங்கிவிடுகிறது. ஆறாவது வாரத்திலிருந்து அது எப்போது வேண்டுமானாலும் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டலாம். அட்லாண்டிக் கடலுக்கு மேலே அப்படி ஆனால் யாரைக் கூப்பிடுவது? சிசுவின் பாலினம் இங்கே தெரிவிக்கப்படமாட்டாது என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்து, படிவம் நிரப்பி, ஸ்கேன் எடுத்துக்கொண்டாள். உள்ளேதான் இருந்தது. துடித்துக்கொண்டிருந்தது. துடிப்பைப் பார்த்துவிட்டால் கலையும் வாய்ப்பு நன்றாகக் குறைகிறது என்றும் சொல்லியிருக்கிறார்கள். அந்த வீடியோவை எனக்கு அனுப்பினாள். அரிசி மணி ஒன்று சிமிட்டியது.

இதற்குப் பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. விமானத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். பறப்பது இருபது மணி நேரம், இருக்கப் போவது மூன்று வாரம். எது நடந்தாலும் அனேகமாகத் தரையில்தான் நடக்கும். அப்படியானால் அது எந்தத் தரை?

2021 ஜூலையில் யாராவது உண்டானவள் என்னிடம் கேட்டிருந்தால், திருவனந்தபுரத்துக்குப் போகாதே என்று சொல்லியிருப்பேன். அப்போது அங்கே ஜிகா வைரஸ் பரவிக்கொண்டிருந்தது. முதல் மூன்று மாதத்தில் தொற்றினால் பிள்ளையின் மூளை வளர்ச்சியையே பாதிக்கக்கூடிய கொசுக்காய்ச்சல். ஒரு ராத்திரி ரயில் தூரம்தான், டிக்கெட்டும் சல்லிசு.

அமெரிக்காவிலும் எந்த மாநிலம் என்று பார்க்க வேண்டிய காலம் இது. 2022 ஜூனில் அங்கே உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை மாநிலங்களின் கையில் விட்ட பிறகு, டெக்சாஸ் போன்ற இடங்களில் தானாகக் கலைகிற கருவைச் சுத்தம் செய்யவே டாக்டர்கள் சட்டத்துக்குப் பயந்து தயங்கிய சம்பவங்கள் வந்தன. சிகாகோ இருக்கும் இல்லினாய்ஸில் அந்தத் தடை இல்லை. ஆபீஸ் டல்லாஸுக்கு அனுப்பியிருந்தால் மேனேஜரிடம் சொல்லிவிடு, போகாதே என்றுதான் சொல்லியிருப்பேன். அப்புறம் பணம். அவசரமென்று வந்தவரை அங்கே ஆஸ்பத்திரிகள் பார்க்காமல் திருப்பி அனுப்பக் கூடாது என்று 1986இலேயே சட்டம் இருக்கிறது. பில் பின்னால் வரும், வந்தால் மயக்கமே வரும். நம் ஊரில் விற்கும் பயணக் காப்பீடுகளில் பெரும்பாலானவை கர்ப்பம் என்ற வார்த்தையைக் கண்டாலே கதவைச் சாத்துபவை. ஆபீஸ் பாலிசி எப்படி என்று எச்.ஆரில் கேட்டால் குட்டு உடைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அவளே படித்தாள். உயிருக்கு ஆபத்தான சிக்கல் என்றால் உண்டு என்று ஓர் ஓரத்தில் இருந்ததாம்.

இதற்கிடையில் எங்கள் அப்பாயியை நினைத்துக்கொண்டேன். பினாங்கில் தாத்தா கடை வைத்திருந்தபோது, மூன்று மாதத்தில் மசக்கையோடு ரஜூலா கப்பல் ஏறி நாகப்பட்டினத்தில் வந்து இறங்கியவள். டெக்கில் பாய் விரித்து, நாள்கணக்கில் கடல். வயிற்றில் இருந்தது என் அப்பா. அந்தக் காலத்து மனுஷிகளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று இந்தக் கதையைச் சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். வந்து சேர்ந்த பிள்ளையின் வழியாகத்தான் கதை எனக்கு வந்தது. அதே டெக்கில் வேறு யாருக்கு என்ன ஆனது என்று சொல்ல இங்கே யார் இருக்கிறார்கள்?

நான் அவளிடம் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. என் ரயிலைப் பற்றிச் சொன்னேன். அக்காவுக்கே தெரியாது, முதல் தடவையாக ஒருத்தியிடம் முழுதாகச் சொன்னேன். சொல்லிவிட்டு, "போறதானா மாமியார்கிட்ட சொல்லிட்டுப் போ. ரகசியமா போய் ஒண்ணு ஆச்சுன்னா ரெண்டு குத்தம் உன் தலையில விழும்" என்றேன்.

நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "சரி" என்றாள். எதற்குச் சரி என்று நான் கேட்கவில்லை.

அவள் மாமியார் கும்பகோணத்துக்காரர். கத்துவார், அழுவார், என் அக்காவுக்குப் போன் போடுவார் என்று எதிர்பார்த்திருந்தோம். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "அங்க பக்கத்துல யாரும்மா இருப்பா?" பிராஜெக்ட்டில் கூட வேலை பார்க்கும் தெலுங்குப் பெண் ஒருத்தி, இரண்டு பிள்ளை பெற்றவள், அதே ஹோட்டலில். அவளிடம் சொல்லியாயிற்றா? இல்லை. "அவகிட்டச் சொல்லு. டிக்கெட்டெல்லாம் அப்புறம்." பிறகு உள்ளே போய் உப்பு நார்த்தங்காய் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து பெட்டியில் வைத்தாராம். வாந்திக்கு அதுதான் மருந்து என்று.

ஸ்கேன் ரிப்போர்ட், ரத்த வகை எழுதிய சீட்டு, ஹோட்டலுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி விலாசம் எல்லாம் ஒரு கவரில். திரும்பி வரும்போது பதினொன்றரை வாரம் ஆகியிருக்கும். 11க்கும் 14க்கும் நடுவில் எடுக்க வேண்டிய, சிசுவின் பின்கழுத்தை அளக்கும் என்.டி. ஸ்கேனுக்கு நாள் தப்பாது என்று பார்த்துத்தான் தேதி போட்டிருக்கிறாள். மூன்று வாரம் தள்ளிப் போயிருந்தால் அது நழுவியிருக்கும். கெட்டிக்காரி.

இதை எழுதட்டுமா என்று கேட்டேன். பெயர் போடக் கூடாது, மூன்று மாதம் முடிந்த பிறகு அச்சாகட்டும் என்றாள். கொஞ்சம் பொறுத்து, "என்ன ஆனாலும் போடுங்க சித்தி" என்று சேர்த்துக்கொண்டாள்.

மீனம்பாக்கத்திலிருந்து நள்ளிரவு தாண்டி விமானம். என் வீட்டுக்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, நான் போனில் அந்தச் சின்ன மஞ்சள் விமானம் அரபிக் கடல் தாண்டுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் மதியம் சாப்பிட உட்காரும்போது வாட்ஸ்அப்பில் வந்தது.

"ஊட்டியிலேர்ந்து இறங்கியாச்சு சித்தி. நார்த்தங்காய் பாதி காலி. அடுத்த மலை ரெண்டு மணி நேரத்துல."