30 வரி கோடு, 30% மின்சாரம் மிச்சம்... நம்பலாமா?

சமையலில் மும்முரமாக இருக்கும்போது நிமிடத்துக்கு ஒருமுறை காலிங் பெல் அடித்தால் எப்படி இருக்கும்? சர்வரில் இருக்கும் பிராசஸரின் நிலைமையும் அதுதான். நெட்வொர்க் கார்டுக்கு டேட்டா பாக்கெட் வந்ததும் ‘இன்டரப்ட்’ என்ற பெல் அடிக்கும். பிராசஸர் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடணும்.

பெல்லை அணைத்துவிட்டு, தானாகவே அடிக்கடி வாசலை எட்டிப் பார்ப்பது இன்னொரு வழி. பெயர் ‘போலிங்’. ஆனா, யாரும் வராத நேரத்திலும் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தால் மின்சாரம் வீண்.

2025 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 6.13, இந்த இரண்டுக்கும் இடையே மாறும் முறையைச் செம்மையாக்கியது. வாட்டர்லூ பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்ட்டின் கார்ஸ்டனும் ஃபாஸ்ட்லி நிறுவனத்தின் ஜோ டமாட்டோவும் கொண்டுவந்த இந்த மாற்றத்தின் மையம் சுமார் 30 வரிதான். அப்ளிகேஷன் பிஸியாக இருக்கும்வரை பெல் அடிக்காது. வேலை ஓய்ந்ததும் மறுபடி அடிக்கும்.

உடனே, ‘டேட்டா சென்டர் மின்சாரத்தில் 30% மிச்சம்’ என்று செய்தி பறந்தது. இங்கேதான் நிதானம் வேணும். அது அதிகபட்சக் கணக்கு. அதுவும் நெட்வொர்க் வேலை அதிகமுள்ள அப்ளிகேஷன்களுக்கு. கர்னலை அப்டேட் செய்தால் மட்டும் போதாது, செட்டிங்கையும் மாற்றணும்.

ஆனாலும் பாடம் பெரிசு. சர்வர் திணறினால் புது மெஷினுக்கு ஆர்டர் போடும் முன், இருக்கிற பிராசஸரின் நேரம் எதில் வீணாகுதுன்னு அளந்து பாருங்க. காசு, கரன்ட் இரண்டும் மிச்சமாகலாம்.